டயலில் இரண்டு பெயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் என்னுடைய பழைய மணிக்கூடுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தயாரித்தவரின் பெயரோடு, அதை விற்ற கடையின் பெயரும் டயலில் அச்சான மணிக்கூடுகள் பதினொன்று என்னிடம் உண்டு. அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் மணிக்கூடு திருத்துபவன் அல்லன். நில அளவைத் திணைக்களத்தில் 31 வருடம் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். வரைபடங்களில் குளத்துக்கும் ஊருக்கும் வாய்க்காலுக்கும் கையால் பெயர் எழுதியவன். அதனாலோ என்னவோ, யாருடைய மணிக்கூட்டைக் கண்டாலும் என் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகும், பிறகுதான் நேரத்துக்கு. இயந்திரத்தைப் பற்றிய விஷயங்களைக் கல்முனையில் நாற்பது வருடமாக ஒரே மேசையில் இருந்து திருத்துகிற என் நண்பரிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மம்மாவின் றங்குப் பெட்டியில் ஒரு பழைய ஒமேகா கிடைத்தது. ஒமேகா என்ற பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ ஒரு கடைப்பெயரும் சிங்கப்பூர் என்றும் இருக்கிறது. இரண்டு பெயர் இருந்தால் டுப்ளிகேட் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். உண்மையா? (மாணவர், ஆரையம்பதி)

இல்லை, தம்பி. இரண்டாவது பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

நாங்கள் தாலிக்கொடி வாங்கினால், செய்த தட்டாரின் பெயரை யாரும் கேட்பதில்லை. எந்தக் கடையில் எடுத்தது என்றுதான் கேட்பார்கள். மணிக்கூட்டு வியாபாரமும் அப்படித்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரெஸ்கொட், கொவென்ட்ரி போன்ற ஊர்களில் செய்த பொக்கெற் மணிக்கூடுகள் சின்னச் சின்ன நகரங்களின் கடைகளுக்குப் போய், அந்தந்தக் கடைக்காரரின் பெயரோடு விற்பனையாயின. செய்தவரின் பெயர் வெளியில் தெரியவே தெரியாது. வாங்குகிறவருக்குக் கடைக்காரரைத் தெரியும், பழுதானால் அவரிடம் போய்க் கேட்கலாம், அதுவே போதுமாக இருந்தது.

இன்றைக்கு உலகமே அறிந்த ரோலெக்ஸுக்கும் இந்த நிலைமைதான். ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் என்பவர் 1905இல் லண்டனில் கம்பனியைத் தொடங்கி, 1908இல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். ஆனால் ஆங்கிலேயக் கடைக்காரர்கள் டயலில் தங்கள் பெயரைத்தான் போடச் சொன்னார்கள். அவர் பொறுமையாக, அனுப்புகிற தொகுதியில் சிலவற்றில் மட்டும் ரோலெக்ஸ் என்று அச்சடித்து, அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் எல்லா டயலிலும் தன் பெயரை நிலைக்க வைத்தார்.

தயாரிப்பாளரின் பெயர் பிரபலமான பிறகும் பெரிய கடைகள் தங்கள் பெயரை விட்டுவிடவில்லை. மேலே தயாரிப்பாளர், கீழே கடை என்று ஆயிற்று. ஜெனீவாவில் மணிக்கூடு செய்கிற படேக் பிலிப்பும் நியூயோர்க்கின் நகைக்கடை டிஃபனியும் 1851இல் செய்த உடன்பாடு இதில் மிகவும் பேர்போனது. லூசேர்னில் கியூபலின், சூரிச்சில் 1760இலிருந்து இருக்கிற பையர், வெனிசுவேலாவின் கராகஸில் செர்பிகோ இ லைனோ, கியூபாவின் ஹவானாவில் ஹோயேரியா ரிவியேரா என்று பல கடைகளின் பெயர்கள் சுவிஸ் டயல்களில் உண்டு. படவரைஞன் எனக்கு இது வரைபடம் மாதிரி. ஒரு தட்டு நிறைய டயலை வைத்தால் துறைமுகங்களும் தலைநகரங்களும் தெரியும். உங்கள் அம்மம்மாவின் மணிக்கூடு சிங்கப்பூரில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருந்திருக்கிறது என்று அந்தச் சின்ன எழுத்துச் சொல்கிறது. அங்கே போய் வந்தவர் யார் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள், பெயர்களோடு எழுதி வையுங்கள்.

ஒமேகா உண்மையானதா என்று பார்க்க, தெரிந்த ஒருவரைக் கொண்டு பின்மூடியைத் திறந்து பாருங்கள். உண்மையான ஒமேகா இயந்திரத்தில் ஒமேகா என்ற பெயரும், எந்த வகை இயந்திரம் என்ற எண்ணும், தொடரிலக்கமும் வெட்டியிருக்கும். தொடரிலக்கத்தைக் கொண்டு செய்த காலத்தை ஓரளவு அறியலாம். நீங்களே பேனாக்கத்தியால் நெம்ப வேண்டாம்.

கேள்வி: மூத்தாப்பா ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் வாங்கியது என்று வாப்பா சொல்வார். டயலில் வெஸ்ட் எண்ட் வோச் கம்பனி, சோவார் பிரைமா என்று இருக்கிறது. இது கடையா, தயாரித்தவர்களா? (வியாபாரி, காத்தான்குடி)

உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டும்தான். கடைப்பெயரே கடைசியில் மணிக்கூட்டின் பெயராக மாறிய கதை இது.

1886இல் சுவிஸ்காரர்கள் பம்பாயில் தொடங்கிய இறக்குமதி நிறுவனம் வெஸ்ட் எண்ட். பெயர் லண்டனில் இருக்கிற வெஸ்ட் எண்ட் பகுதியிலிருந்து எடுத்தது. ஆரம்பத்தில் லொஞ்சின்ஸ் போன்ற சுவிஸ் தொழிற்சாலைகளில் செய்வித்து, டயலில் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். சோவார் என்றால் குதிரைப்படை வீரன். நாங்கள் சவாரி என்கிறோமே, அதே பாரசீக வேர். இந்தியப் படையினரின் கையில் ஏறி முதலாம் உலகப் போரில் மெசப்பத்தேமியா வரைக்கும் போனது. பிறகு அரபு நாடுகளிலும் நன்றாக விற்பனையானது. ஆகவே மூத்தாப்பா அதைப் பம்பாயில் கப்பல் ஏறும்போது வாங்கினாரா, ஹிஜாஸில் இறங்கிய பிறகு வாங்கினாரா என்று டயலை வைத்துச் சொல்ல முடியாது. அறபு எழுத்து டயலில் இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள், பார்க்க ஆசை.

பிரைமாவுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இன்காபிளொக் என்ற அதிர்ச்சித் தடுப்பை 1934இலேயே பயன்படுத்தத் தொடங்கிய ஆரம்ப மணிக்கூடுகளில் அதுவும் ஒன்று. மணிக்கூடு கீழே விழுந்தால் முதலில் முறிவது, ஆடுகிற சமநிலைச் சக்கரத்தின் அச்சு முனை. அது மயிர் போல மெல்லியது. இன்காபிளொக்கில் அந்த முனையைத் தாங்கும் கல்லை ஒரு சின்ன வில் பிடித்திருக்கும். அடி விழுந்தால் கல் கொஞ்சம் அசைந்து கொடுத்துத் திரும்பித் தன் இடத்துக்கு வரும். பின்மூடியைத் திறந்தால் அந்த வில் சின்ன யாழ் போல வளைந்து தெரியும். நண்பரின் மேசையில் முதன்முதலாக அதை லென்ஸுக்குள் பார்த்தபோது, அரை மணித்தியாலம் எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே பாதையில் வந்த இன்னொரு பெயர் ஃபாவ்ர் லூபா. 1737இலிருந்து வருகிற சுவிஸ் குடும்பம், 1865இல் பம்பாய்க்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பழைய உத்தியோகத்தர்களின் கையில் இவை இரண்டையும் நிறையக் கண்டிருக்கிறேன்.

விலையையும் கேட்டிருக்கிறீர்கள். இது பெரிய பணத்துக்குப் போகிற வகை இல்லை. விற்க வேண்டிய தேவை இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும், நானா.

கேள்வி: அப்பாவின் மணிக்கூட்டில் டயல் மஞ்சளாகி, கடைப்பெயர் பாதி அழிந்துவிட்டது. டயலுக்குப் புதிதாகப் பூச்சடித்து எழுத்தும் எழுதித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

வேண்டாம், ரீச்சர். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டவன்.

1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை முழுவதும் போய்விட்டது. அம்மாவின் பெட்டி மூன்று நாள் மழையில் கிடந்தது. அதற்குள் அம்மப்பாவின் பொக்கெற் மணிக்கூடு இருந்தது. மெட்ராஸுக்குப் போன காலத்தில் அவர் வாங்கியது. வெள்ளை டயல், உரோம இலக்கங்கள், நடுவில் வளைவாகக் கடைப்பெயர், அதற்குக் கீழே மெட்ராஸ் என்று ஆங்கிலத்தில். தண்ணீர் காய்ந்த பிறகு டயலில் பழுப்புக் கறை. அடுத்த வருடம் நான் அதைத் துப்புரவாக்கக் கொடுத்தேன். கொடுத்த இடத்தில் பஞ்சில் ஏதோ திரவம் தொட்டு ஒரு தடவை துடைத்தார்கள். கறை போனது. கடைப்பெயரும் பஞ்சோடு வந்துவிட்டது. மெட்ராஸ் என்ற சொல்லில் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் மிஞ்சின. பின்பக்க இயந்திரத் தகட்டில் சில மணிக்கூடுகளுக்குக் கடைப்பெயர் வெட்டியிருக்கும், அங்கேயும் தேடினேன், இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயாட மணிக்கூட்டுல எழுத்து இருந்திச்சே, மகன்?" என்று கேட்டா. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அந்த எழுத்தின் வளைவு மட்டும் தெரியும். அந்தக் கடையின் பெயரைச் சொல்ல இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

ஏன் இலக்கங்கள் தப்பின, பெயர் மட்டும் போனது என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த வெள்ளை டயல் எனாமல். செப்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பரப்பி ஏறத்தாழ 800 பாகை சூட்டில் உருக்குவார்கள். இலக்கங்களையும் எழுதிச் சூளையில் வைத்தால் அவை கண்ணாடியோடு கண்ணாடியாகச் சேர்ந்துவிடும், நூறு வருடம் துடைத்தாலும் போகாது. கடைப்பெயரையும் சில டயல்களில் அப்படிச் சுட்டிருப்பார்கள். ஆனால் பல டயல்களில் பெயரைப் பிறகு, சுடாமல், மேலே மட்டும் எழுதியிருப்பார்கள். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பஞ்சு பட்டால்தான் வித்தியாசம் தெரியும், தெரிகிறபோது காலம் கடந்துவிடும்.

உங்கள் அப்பாவுடையது கைமணிக்கூடு, ஆகவே டயல் பெரும்பாலும் பித்தளைத் தகடு. அதன் மேல் வெள்ளி முலாம் அல்லது பூச்சு இருக்கும், அதன் மேல் எழுத்து, மெல்லிய வார்னிஷ். எழுத்தை எப்படி அச்சடிக்கிறார்கள் என்பது என் தொழிலுக்கு நெருக்கமான விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓர் உலோகத் தகட்டில் எழுத்தைக் குழியாக வெட்டுவார்கள். குழியில் மையை நிரப்பி, கத்தியால் மேலே வழித்துவிட்டால் குழிக்குள் மட்டும் மை நிற்கும். பந்து போன்ற ஒரு மெத்தையை அதில் அழுத்தினால் மை மெத்தைக்கு வரும், அதைக் கொண்டுபோய் டயலில் அழுத்துவார்கள். முன்பு அந்த மெத்தை ஜெலற்றினில் செய்தது, இப்போது சிலிக்கோன். இப்படி விழுந்த எழுத்து லென்ஸில் பார்த்தால் கொஞ்சம் மேடாக, ஓரம் கூர்மையாக, கோடு முழுக்க ஒரே பருமனாக இருக்கும். கறுப்பு மையில் குழிப்பேனாவால் ஊர்ப்பெயர் எழுதியவனுக்கு அந்தக் கோட்டின் நேர்த்தி என்ன என்று தெரியும்.

தயாரிப்பாளரின் பெயர் வார்னிஷுக்கு அடியில் இருக்க, கடைப்பெயர் பல டயல்களில் கடைசியாக, வார்னிஷுக்கு மேலே ஏறியிருக்கும். ஈரம் பட்டாலும், துடைத்தாலும் முதலில் கழருவது அதுதான். உங்கள் அப்பாவின் டயலில் பாதிதான் போயிருக்கிறது என்றால், இதுவரை அதை யாரும் துடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

புதிதாகப் பூச்சடிக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்றால், டயலைப் பித்தளை வரை சுரண்டுவார்கள். எல்லாம் போய்விடும். பிறகு பூச்சு, பிறகு எழுத்து. பிரபலமான தயாரிப்பாளரின் பெயருக்கு அவர்களிடம் தகடு இருக்கலாம். உங்கள் அப்பா வாங்கிய கடையின் பெயருக்கு யாரிடமும் தகடு இல்லை. ஒன்று விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் தங்கள் கையில் வருகிற மாதிரி எழுதுவார்கள். எனக்கு வாங்கச் சொல்லிக் காட்டுகிற மணிக்கூடுகளில் இப்படிப்பட்டவை நிறைய. நிமிடக் கோடுகள் சின்ன விநாடி வட்டத்துக்குள் தப்பிப் போயிருக்கும். கீழே சுவிஸ் மேட் என்ற எழுத்து ஓரத்தை விட்டு மேலே ஏறியிருக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஒத்துவராது. மூன்று மணிக்கு நேரே டயலின் விளிம்பில் சின்ன வெட்டு ஒன்று இருந்தால், பூச்சடிக்கிறவர் திசை தெரிவதற்காக வைத்த அடையாளம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரத்தைத் துப்புரவாக்கி எண்ணெய் போடக் கொடுங்கள், அது தேவை. கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியை மாற்றலாம், அது எப்போதுமே மாற்றுகிற சாமான்தான். கொடுக்கும்போது "டயலைத் தொட வேண்டாம்" என்று ஒரு துண்டில் எழுதி வாரில் கட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். அதற்கு முன் ஓர் இருட்டறையில் கைத்தொலைபேசி வெளிச்சத்தை டயலுக்குப் பக்கவாட்டில், மிகத் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். மை போன இடத்திலும் வார்னிஷில் எழுத்தின் தடம் சிலவேளை நிற்கும். அப்படி ஒரு பெயரை நான் முழுதாக வாசித்திருக்கிறேன். நீங்களும் வாசித்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: டோஹாவில் வேலை செய்கிறேன். டிஃபனி என்ற பெயரும் டயலில் இருக்கிற பழைய ரோலெக்ஸ் ஒன்று இணையத்தில் விலைக்கு வந்திருக்கிறது. அந்தப் பெயருக்காகச் சாதாரண விலையை விடக் கொஞ்சம்தான் கூடக் கேட்கிறார். நல்ல முதலீடு என்கிறார்கள். வாங்கட்டுமா? (அக்கரைப்பற்று வாசகர்)

உங்கள் உழைப்புக் காசு, மகன். அதனால் நேராகச் சொல்கிறேன், வாங்க வேண்டாம்.

டிஃபனி பெயருக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று தெரிய ஒரு உதாரணம். படேக் பிலிப் டிஃபனியோடு சேர்ந்து 170 வருடம் ஆனதற்காக 2021இல் நோட்டிலஸ் வகையில் 170 மணிக்கூடுகளை டிஃபனியின் நீல நிற டயலோடு செய்தது. அவற்றில் ஒன்று அந்த டிசம்பரில் நியூயோர்க் ஏலத்தில் ஏறத்தாழ 65 இலட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. ஒரு வரி எழுத்துக்கு இப்படி விலை கூடும் என்றால், அந்த வரியை யாரும் போட்டுவிடலாம் என்ற எண்ணமும் வரும்.

ரோலெக்ஸில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் டிஃபனி பெயரை ரோலெக்ஸ் தொழிற்சாலையில் அச்சடிக்கவில்லை. மணிக்கூடு அமெரிக்காவுக்குப் போன பிறகு கடைக்காரர்தான் போட்டார். ஆகவே எழுத்தின் அளவும் இடமும் காலத்துக்குக் காலம் மாறும். உண்மையான எழுத்தே ஒரே மாதிரி இல்லாதபோது, பொய்யைப் பிடிப்பது கஷ்டம். மணிக்கூடு முழுவதும் அசல், டயலும் அசல், அந்த ஒரு வரி மட்டும் போன வருடம் போட்டது என்று இருக்கலாம். தொழிற்சாலை எழுத்தின் கறுப்பும் கடையெழுத்தின் கறுப்பும் வேறு வேறாக இருப்பதை வைத்தும் தீர்மானிக்க முடியாது, அசலிலேயே அவை இரண்டு கையால் விழுந்தவை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் எழுத்தின் ஓரம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், கணினி அச்சு, அது நிச்சயம் பொய். ஓரம் சுத்தமாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. கடையின் பில், பெட்டி, முதல் உரிமையாளரின் குடும்பம் என்று ஒரு தொடர்ச்சி வேண்டும்.

நீங்கள் இருக்கிற பக்கத்தில் ஒமான் மணிக்கூடுகளும் காட்டுவார்கள். சுல்தான் காபூஸ் 1970களில் லண்டன் அஸ்ப்ரே கடை மூலமாக, கஞ்சர் என்ற வளைந்த கத்திச் சின்னத்தோடு ரோலெக்ஸ்களைச் செய்வித்துப் பரிசாகக் கொடுத்தார். அதற்கும் போலி ஏராளம்.

நான் எனக்கு வைத்திருக்கிற விதி இதுதான்: இரண்டாவது பெயர் டயலில் இல்லை என்று நினைத்து விலையைப் போடுவேன். அந்த விலைக்குக் கொடுத்தால் யோசிக்கலாம். பெயருக்கென்று ஒரு றியால்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பதில் கடைப்பெயர் மட்டும்தான் உண்டு. தயாரித்தவர் யார் என்று எப்படி அறிவது? (திருக்கோவில்)

பின்மூடிக்குள்தான் விடை. சுவிற்சர்லாந்தில் இயந்திரத்தை மட்டும் செய்து மற்றவர்களுக்கு விற்கிற தொழிற்சாலைகள் இருந்தன. ஏ. ஷீல்ட், எஃப்.எச்.எஃப்., யூனிட்டாஸ், ஃபெல்சா, பெசோ, ஈட்டா போன்றவை. சமநிலைச் சக்கரத்துக்குப் பக்கத்தில், சிலவேளை அதற்கு அடியில், ஒரு சின்ன முத்திரையும் இலக்கமும் இருக்கும். ஏ. ஷீல்ட் என்றால் ஏ, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். அந்த இலக்கத்தை வைத்து உதிரிப்பாகமும் தேடலாம். கடைப்பெயர் மட்டும் போட்ட மணிக்கூடுகளுக்கு வெளியே மதிப்பு குறைவு என்பார்கள். என் பதினொன்றில் நான்கு இந்த வகைதான், நான் அதிகம் கட்டுவதும் அவற்றைத்தான். 17 கல் போட்ட நல்ல இயந்திரம், தெளிவான எழுத்து, திருத்துவதும் சுகம்.

கேள்வி: இரவில் ஒளிர்ந்த பழைய டயல் இப்போது ஒளிரவில்லை. அந்தப் பழுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிது பூசலாமா? (வாழைச்சேனை)

சுரண்டவே கூடாது. 1960கள் வரை செய்த ஒளிரும் டயல்களில் ரேடியம் இருக்கலாம். ஒளிர்கிற பூச்சுத்தான் சோர்ந்துபோகும், ரேடியம் அப்படியே இருக்கும், பாதியாகவே 1,600 வருடம் எடுக்கும். தூள் மூச்சில் போனால் உடம்புக்குக் கெடுதி. திறக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். திருத்தக் கொடுத்தால் ரேடியம் என்று சொல்லிக் கொடுங்கள், திருத்துகிறவரும் ஒரு பிள்ளையின் தகப்பன்தான்.

கேள்வி: கடலோரத்தில் வீடு. எப்படிப் பாதுகாப்பது? (கல்லடி)

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பொதிகள். பொதியை மாரிகாலத்துக்கு முன் மாற்றுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூள் உள்ளே போகும். கற்பூரமும் பூச்சி உருண்டையும் பக்கத்திலேயே வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் சாவி கொடுத்து ஓடவிடுங்கள்.

கேள்வி: என் அப்பா ஆசிரியர். 1996க்குப் பிறகு பத்து வருடம் மட்டக்களப்பு நகரிலிருந்து ஆற்றைக் கடந்து படுவான்கரையில் படிப்பித்தவர். நகரில் அரசாங்கத்தின் புதிய நேரம், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அக்கரையில் பழைய நேரம். போகும்போது அரை மணித்தியாலம் பின்னே, வரும்போது முன்னே என்று முள்ளைத் திருகித் திருகியே மணிக்கூடு கெட்டுப்போனது என்பார். இப்போது சாவி கொடுத்தால் ஓடுகிற சத்தம் கேட்கிறது, முள் நகரவில்லை. டயலில் உள்ள கடையும் இன்று இல்லை. அந்தக் கடையைப் பற்றி அறிய வழி உண்டா? (கொக்கட்டிச்சோலை)

உங்கள் கடிதத்தை நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அப்பா சொன்னது சரி. நிமிட முள் ஒரு சின்னக் குழாய்ப் பல்சக்கரத்தில் ஏறி நிற்கும். அந்தக் குழாய் நடு அச்சை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் இயந்திரத்தோடு முள்ளும் சுற்றுகிறது. நாங்கள் நேரம் மாற்றும்போது அந்தப் பிடி வழுக்கிக் கொடுக்கிறது. நாட்டின் நேரம் 1996 மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னே போய், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. அந்த ஒன்பதரை வருடத்தில் வருடத்துக்கு 200 பாடசாலை நாள், நாளுக்கு இரண்டு தடவை என்று வைத்தால் ஏறத்தாழ 3,800 தடவை அப்பா முள்ளைத் திருகியிருக்கிறார். சாதாரணமாக ஒருவர் ஆயுள் முழுக்கத் திருகினாலும் அவ்வளவு வராது. குழாயின் பிடி தளர்ந்துவிட்டது, அதனால்தான் இயந்திரம் ஓட முள் நிற்கிறது. அந்தக் குழாயை மெதுவாக நெரித்து இறுக்கினால் சரியாகிவிடும். அதிகம் செலவில்லாத வேலை.

கடையைத் தேடுவதற்கு, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். ஃபேர்குசன் இலங்கை டிரெக்டரி என்று வருடாவருடம் வந்த தடித்த புத்தகத்தில் வர்த்தக நிலையங்களின் பட்டியல் உண்டு. பழைய பத்திரிகைகளின் விளம்பரங்களையும் அங்கே பார்க்கலாம். முகவரி கிடைத்தால் அந்த வீதியில் இருக்கிற வயதான கடைக்காரர் ஒருவரோடு போய்க் கதையுங்கள், எனக்கு அப்படித்தான் இரண்டு கடைகளின் வரலாறு கிடைத்தது. பின்மூடியின் உட்பக்கத்தையும் மறக்காமல் பாருங்கள். திருத்துகிறவர்கள் ஊசியால் மிகச் சின்னதாகத் திகதியும் தங்கள் அடையாளமும் கீறி வைப்பார்கள். எந்தெந்த வருடம் யார் கையில் போய் வந்தது என்று அதில் வரிசையாக இருக்கும்.

நண்பர் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேசையில் இருப்பார். இந்த வேலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னார். பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் முகவரி அனுப்பி வைப்பார்கள். டயலைத் துடைக்காமல் கொண்டுவாருங்கள், நானும் லென்ஸோடு வந்து இருப்பேன்.